ஆவணியில் அது என்ன தின்னும்? வன்னியில் இனவிருத்தி இலக்கு வைக்கத் தொடங்குவோருக்கு

"எந்த இனம் வாங்கினால் நல்லது?" மாடோ ஆடோ வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி இதுதான். நான் உடனே பதில் சொல்வதில்லை. "ஆவணி மாதம் உங்கள் காணியில் என்ன பச்சை நிற்கும்?" என்று திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தில் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நானும் யோசிக்காமல் வாங்கினவன்தான். மீள்குடியேறி வந்த மூன்றாம் வருடம், மாங்குளத்துக்கு உள்ளே இருக்கிற எங்கள் காணிக்கு பிரிசியன் என்கிற வெளிநாட்டுப் பால் மாட்டின் கலப்பு நாகு ஒன்று, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசு, கொண்டுவந்தேன். முதல் ஈத்தில் விடியவும் பின்னேரமும் சேர்த்து 9 லீற்றர். அயலில் உள்ள ஆக்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஆனியில் மேய்ச்சல் காய்ந்தது, பால் இறங்கியது. ஆவணியில் இடுப்பெலும்பு தெரிந்தது. வேட்கைக்கு வரவேயில்லை. அடுத்த கன்று கிடைக்க 22 மாதம் ஆனது. அதே காலத்தில் பெரியம்மாவின் நாட்டுப் பசு, ஒரு நாளும் 2 லீற்றரைத் தாண்டாதது, இரண்டாவது கன்றையும் போட்டுவிட்டு மூன்றாவதுக்குச் சினையாக நின்றது. என் மாட்டைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தின்றதையெல்லாம் பாலாக்கி, தன் உடம்பையும் கரைத்துப் பாலாக்குகிற பரம்பரை அது. கணக்குப் பிழைத்தது என்னிடம்.

இலக்கு என்றவுடன் பெரிய பண்ணைக்காரர் வேலை என்று நினைக்க வேண்டாம். எந்தத் தாயின் கன்றை வைத்திருப்பது, எந்த நாம்பனை (காளையை) விடுவது, எதை விற்பது, இந்த மூன்று முடிவுக்கும் எழுதி வைத்த அளவுகோல்தான் இனவிருத்தி இலக்கு. எழுதாவிட்டாலும் உங்களிடம் ஒன்று இருக்கிறது. ஆட்டு வியாபாரி வருகிறார். மந்தையில் நல்லாய்க் கொழுத்து நிற்கிற கிடாய்க்குட்டிக்குத்தான் கூட விலை சொல்வார். பள்ளிக்கூடச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரம், கொடுத்துவிடுவோம். மிஞ்சுவது எவரும் விலை கேட்காத சவலைக் குட்டி. அது கொட்டிலில் நின்று வளர்ந்து, அடுத்த வருடக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் தகப்பனாகிவிடும். ஐந்தாறு வருடம் இப்படிப் போனால் "எங்கட ஆடு முந்தி மாதிரி வளருதில்லை" என்ற பேச்சு வரும். வராமல் என்ன செய்யும்? சிறுக்கச் சிறுக்கத் தெரிந்தெடுத்தது நாம்தானே.

முதலில் மாதக் கணக்கு

ஒரு கொப்பியில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே உங்கள் உருப்படி என்ன தின்னும், எங்கே தண்ணீர் குடிக்கும் என்று எழுதுங்கள். இலக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

வன்னியில் இந்தக் கணக்கு வேறு இடங்களைப் போல இராது. காலபோகம் என்கிற மாரி நெல் விதைப்புத் தொடங்கினால் வயலுக்குள் மாடு இறங்கக் கூடாது. அறுவடை வரை பட்டி காட்டோரத்தில்தான். மாசி, பங்குனியில் வயல் வெறுமையாகி, அரிதாளும் வரம்புப் புல்லும் கிடைக்கும். மாடுகளுக்குக் கல்யாண காலம் அது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழே சிறுபோகம் என்கிற கோடை நெல் விதைக்கிற இடங்களில் சித்திரையோடு வயல் திரும்பவும் மூடிவிடும். ஆடி, ஆவணியில் குளம் வற்ற வற்ற அலைகரையில் கொஞ்சப் புல் முளைக்கும். அதில் எருமைக்கும் பங்கு, மாட்டுக்கும் பங்கு, இராத்திரியில் யானைக்கும் பங்கு.

புதியவர்கள் வறட்சியை மட்டும் எண்ணுவார்கள். மாரியை மறந்துபோவார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நாட்களில் மழையும் காற்றும் கடுங்குளிரும் ஒன்றாக வந்து, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. வன்னியிலும் விடிய எழும்பிப் பட்டிக்குப் போனவர்கள் விறைத்துக் கிடந்த உடல்களைத்தான் பார்த்தார்கள். உடம்பில் கொழுப்பு மிச்சமில்லாததும், கன்றும், திறந்த வெளியில் நின்றதும்தான் முதலில் போகும். ஆகவே நமக்கு வேண்டியது ஆவணி வெயிலையும் மார்கழி ஈரத்தையும் ஒரே உடம்பில் தாங்குகிற உருப்படி.

இந்தப் பக்கத்தை எழுதினால் இன்னொன்றும் தெரியவரும். மாசி, பங்குனியில் வயிறு நிரம்பியதும் பசுக்கள் வேட்கைக்கு வரும். பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். அப்போ கன்று விழுவது கார்த்திகை, மார்கழியில், கொட்டுகிற மழைக்குள். பட்டி மாட்டில் இதை மாற்றுவது கஷ்டம்; கன்றுக்கு ஒரு கூரையாவது போடலாம். ஆட்டில் மாற்றலாம். 150 நாள்தான் சினை. ஆவணி முற்பாதியில் கிடாயை விட்டால் குட்டி தையில் விழும்: மழை ஓய்ந்திருக்கும், பற்றையெல்லாம் பச்சை. ஆவணியில் மறி (பெண் ஆடு) மெலிந்து நிற்குமே என்றால், கிடாய் விடுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னிருந்து சீமைக்கிளுவை இலையும் கொஞ்சத் தவிடும் கூடக் கொடுங்கள். வேலிக் கதியாலாய் நிற்கிற சீமைக்கிளுவைதான் வறட்சியில் கைகொடுக்கும்.

எதை வைத்து வீடு நடக்கிறது?

நாளாந்தம் பால் ஊற்றிக் காசு வாங்குகிறீர்களா, தயிர் போடுகிறீர்களா, வருடத்துக்கு இரண்டு உருப்படி விற்று பெரிய செலவைப் பார்க்கிறீர்களா? இதில் ஒன்றைத்தான் முதலாவதாக வைக்க முடியும். பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். தண்ணியான 6 லீற்றரும் தடித்த 5 லீற்றரும் கிட்டத்தட்ட ஒரே காசாக வரக்கூடும். தயிருக்கென்றால் எருமை. ஆனால் எருமைக்கு உழல்வதற்குத் தண்ணீர் வேண்டும். குளம் கிட்ட இல்லாதவர் அதைப்பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நாலு அல்லது ஐந்து குணம், அதற்கு மேல் வேண்டாம்

பத்துக் குணத்தை ஒரே நேரத்தில் பார்த்துத் தெரிந்தெடுத்தால் ஒன்றிலும் முன்னேற்றம் வராது. பத்துப் பக்கம் இழுத்த கயிறு நகராது. ஒரே குணத்தைத் துரத்தினாலோ மற்றவை கேட்காமலே சரியும்.

நான் சொல்கிற வழி: ஒன்றுக்கு இலக்கு வையுங்கள், மற்றவைக்கு எல்லை வையுங்கள். பால் மாட்டுக்காரர் என்றால் இலக்கு பால். எல்லைகள் இப்படி இருக்கலாம்: இரண்டு ஈத்துக்கு இடையில் 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, ஆவணியில் முதுகுத்தண்டு முள்ளு முள்ளாகத் தெரியக் கூடாது, மடி ஒழுங்காகவும் மடிநோய் திரும்பத் திரும்ப வராததாகவும் இருக்க வேண்டும், வீட்டுப் பெண்கள் தனியாகக் கறக்கக்கூடிய குணம் வேண்டும். எல்லையைத் தாண்டிய பசு எவ்வளவு பால் தந்தாலும் அதன் நாகை இனத்துக்கென்று வைப்பதில்லை. பாலைக் கறவுங்கள், குடியுங்கள், பரம்பரையை மட்டும் அதோடு நிறுத்துங்கள்.

ஏன் எல்லை வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பசுவுக்கிடையே உள்ள பால் வித்தியாசத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்குதான் பரம்பரை. மீதி தீன், தண்ணீர், நோய், கறக்கிற கை. பாலில் உள்ள கொழுப்பு வீதம் என்றால் ஏறக்குறைய பாதி பரம்பரை. சினைப்பிடிக்கும் தன்மைக்கு நூற்றுக்கு 5 பங்கு அளவில்தான்.

உங்கள் பட்டியின் சராசரி 3 லீற்றர், நல்ல பசு 5 லீற்றர் என்று வைப்போம். கூடுதல் 2 லீற்றர். அதில் 30 வீதம் 0.6. மகளுக்குத் தாயிடமிருந்து பாதிதான் போகும், ஆகவே 0.3 லீற்றர். அவ்வளவுதான்! நல்ல பசுவின் நாகு என்று ஆயிரக்கணக்கில் கூடக் கொடுத்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மற்றப் பாதி தகப்பனிடமிருந்து வருகிறது. தகப்பன் ஒரு வருடத்தில் இருபது முப்பது கன்றுக்குத் தகப்பன். அதனால்தான் நாம்பனில் விடுகிற பிழை பசுவில் விடுகிற பிழையைப் போலச் சின்னதாக நிற்காது.

சினைப்பிடிப்பு 5 வீதம்தானே, அதைப் பார்த்து என்ன பயன் என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஐந்து மாட்டை வைத்துக்கொண்டு தெரிந்தெடுத்து அதை உயர்த்த உங்களால் முடியாது, சரிதான். ஆனால் இழக்க முடியும். பாலும் சினைப்பிடிப்பும் பரம்பரையில் எதிரெதிராக இழுக்கிற குணங்கள். பாலை மட்டும் பார்த்துப் பல பத்தாண்டுகள் தெரிந்தெடுத்த மேற்கத்தைய கறுப்பு வெள்ளை மாடுகளில் சினைப்பிடிப்புத் தெளிவாகவே இறங்கியது. நோர்வேக்காரர் தங்கள் சிவப்பு மாட்டில் 1970களிலேயே சினைப்பிடிப்பையும் மடிநோயையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒரு நாம்பனின் நூற்றுக்கு மேற்பட்ட மகள்களைப் பல பண்ணைகளில் பதிந்து பார்த்துத்தான் அதை மதிப்பிட முடிந்தது. நம்மிடம் அந்த வசதி இல்லை. நம்மிடம் இருப்பது எல்லைக் கோடு.

கொப்பி

இதைத்தான் ஆக்கள் செய்ய மாட்டார்கள். ஞாபகத்தில் இருக்கிறது என்பார்கள். மாட்டின் நிறம் ஞாபகத்தில் இருக்கும், திகதி இராது.

என் கொப்பியில் உள்ள இரண்டு பசுவைக் காட்டுகிறேன். வெள்ளைச்சி கன்று போட்ட திகதிகள்: 12.02.2021, 05.04.2022, 20.06.2023. இடைவெளி 417 நாள், பிறகு 441 நாள். சிவப்பி: 03.03.2021, அடுத்தது 25.12.2022. இடைவெளி 662 நாள். சிவப்பி உச்சத்தில் 5 லீற்றர் தந்தாள், வெள்ளைச்சி 3 லீற்றரோடு நின்றாள். பார்க்கிறவர் கை சிவப்பி பக்கம்தான் போகும். இனி முதல் இடைவெளிக்குள் வந்த மொத்தப் பாலைப் பாருங்கள். வெள்ளைச்சி 240 நாள் கறந்து, சராசரி 2.5 லீற்றர், மொத்தம் 600. அதை 417 நாளால் பிரித்தால் நாளுக்கு 1.44. சிவப்பி 280 நாள், சராசரி 3.2, மொத்தம் 896. 662 நாளால் பிரித்தால் 1.35. பெரிய வாளி வைத்திருந்தவள் பின்னுக்கு. கன்றும் ஒன்று குறைவு. பால் வற்றிய பிறகு 382 நாள் அவள் சும்மா தின்ற வைக்கோல் தனிக் கணக்கு.

ஒவ்வொரு நாளும் அளக்கத் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள், ஒரே திகதியில், கன்றுக்கு விட்டது போகக் கறந்ததை அளந்து எழுதினால் போதும். எழுத வேண்டியவை: உருப்படியின் பெயர் அல்லது காதுத் தகட்டு இலக்கம், தாய், தகப்பன், பிறந்த திகதி, நாம்பன் விட்ட அல்லது சினை ஊசி போட்ட திகதி, கன்று விழுந்த திகதி, ஆணா பெண்ணா, பிழைத்ததா, என்ன நோய் வந்தது. தகப்பன் தெரியாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதுகிற பெயர் பிறகு பெரிய தலையிடி.

நிறை பார்க்கத் தராசு வேண்டியதில்லை. தையற்காரரின் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டி எலும்பு வரை நீளம், இரண்டையும் சென்றிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840 ஆல் பிரித்தால் கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் சுமார் 217 கிலோ. நாகை முதன்முதல் சினைப்படுத்த வயதை விட இதுதான் முக்கியம். வளர்ந்த தாயின் நிறையில் ஏறக்குறைய 60 வீதத்தை எட்டிய பிறகே விடுங்கள்.

நாம்பனும் கிடாயும்

எங்கள் பக்கத்துப் பட்டிக்கார ஐயா ஒருவர், எழுபது தாண்டியவர், சொல்வார்: "தம்பி, கிடாயை மாத்து. மாத்தாட்டி கொட்டில் நிறைய ஆடு நிக்கும், உருப்படியா ஒண்டும் நிக்காது." அவர் எந்தப் பாடமும் படித்தவரில்லை. பாடம் சொல்வதும் அதையேதான்.

தகப்பன் மகளோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டியின் உட்கலப்பு, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ந்த இரத்தத்தின் அளவு, 25 வீதம். தகப்பன் ஒன்று தாய் வேறு என்ற சகோதரங்கள் சேர்ந்தால் 12.5 வீதம். உட்கலப்பு ஏற ஏறக் குட்டி சிறுக்கும், சாவு கூடும், சினை தங்காது. பட்டி பரம்பரையில் உண்மையாக எத்தனை உருப்படிக்குச் சமம் என்று பார்க்க இன்னொரு கணக்கு: ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் பிரியுங்கள். ஒரு நாம்பனும் 30 பசுவும் என்றால் 120 ஐ 31 ஆல் பிரிக்க 3.9. அதாவது 31 உருப்படி நின்றாலும் பரம்பரைக் கணக்கில் அது நாலு மாட்டுப் பட்டி. இரண்டாவது நாம்பனைச் சேர்த்தால் 7.5. ஓர் இனம் நின்றுபிடிக்க இந்த எண் 50க்குக் குறையக் கூடாது என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டல். தனி ஒருவரின் பட்டி ஒரு நாளும் 50 ஆகாது. ஆகவே இலக்கை ஊராகத்தான் வைக்க முடியும்.

செய்யக்கூடியது இதுதான்: நாலைந்து பட்டிக்காரர் கதைத்து, ஆண்களைச் சுற்றில் மாற்றுங்கள். உங்கள் கிடாய் அடுத்த வீட்டுக்கு, அவருடையது அதற்கடுத்த வீட்டுக்கு. சொந்த மகள் பருவத்துக்கு வருமுன் ஆண் இடம் மாற வேண்டும். ஆட்டில் சினை 5 மாதம், மறிக்குட்டி வேட்கைக்கு வர இன்னும் ஆறேழு மாதம், ஆகவே கிடாய்க்கு ஒரு வருடம். நாம்பனுக்கு இரண்டரை, மிஞ்சினால் மூன்று வருடம். மாற்றுமுன் ஒரு வேலை இருக்கிறது. மிருக வைத்தியரிடம் சொல்லி புரூசெல்லோசிஸ் என்கிற கருச்சிதைவு நோய்க்கு இரத்தம் பார்த்துவிடுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். பரம்பரையை மாற்றப்போய் நோயை மாற்றிக்கொண்ட கதை வேண்டாம்.

தெரிவு செய்யாத ஆண்களை நேரத்தோடு நலமடிக்க (காயடிக்க) வேண்டும். கிடாய்க்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைப்படுத்தக்கூடியது. "குட்டிதானே" என்று தாயோடும் தங்கையோடும் விட்டுவிட்டு, பிறகு வயிறு பெருத்த பின் தலையில் கை வைப்பவர்களைக் கனக்கப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்த வியாபாரி: அவர் வருமுன்னே, மூன்று மாதக் குட்டிகளில் நல்ல இரண்டுக்குக் காதில் அடையாளம் போட்டு, இது விற்பனைக்கில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். முக்கியமாகக் காசு வாங்குகிறவரிடம்.

சினை ஊசி போடுவதென்றால், போடுகிறவரிடம் நாம்பனின் இனத்தையும் இலக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். குழாயிலேயே அது இருக்கும். மகள் பருவத்துக்கு வரும்போது அதே இலக்கத்தை அவளுக்கும் போடாமல் தடுக்க வேறு வழியில்லை. ஒரே ஆணை எல்லோரும் விரும்புவதில் பெரிய பண்ணைகளும் தப்பவில்லை. அமெரிக்காவில் 1962 இல் பிறந்த 'சீஃப்' என்ற ஹோல்ஸ்ரீன் நாம்பனுக்கு 16,000 மகள்கள். பாலில் அவ்வளவு கெட்டி. கருவைக் கொல்லும் ஒரு மரபுக் குறைபாடும் அதனிடம் இருந்தது. தாய் தகப்பன் இரு வழியாலும் அது வந்து சேர்ந்த கருக்கள் கலைந்தன. அதற்குக் காரணம் அந்த நாம்பன்தான் என்று கண்டுபிடிப்பதற்குள் பல பத்தாண்டுகள் போய்விட்டன.

எவ்வளவு கலப்பு?

பிரிசியன், ஜேர்சி மலைநாட்டுக் குளிருக்கும் புல்லுக்கும் நல்லது. நமக்குச் சாகிவால் பொருந்தும்: திமில் உள்ள இனம், வெயிலையும் உண்ணியையும் தாங்கும், பாலும் நாட்டுப் பசுவை விடக் கூட. ஜேர்சி கலப்பு ஆசை விடாது என்றால் வெளிநாட்டு இரத்தம் பாதியோடு நிற்கட்டும். முக்கால் பங்கைத் தாண்டினால் நிழல், நீர், கோ-3 தீவனப் புல், தவிடு, புண்ணாக்கு என்று வருடம் முழுக்கக் கொடுக்க உங்களால் முடிய வேண்டும்.

ஒரு விசயம் பலருக்குத் தெரிவதில்லை. நாட்டுப் பசுவும் வெளியினமும் சேர்ந்த முதற் தலைமுறையில் ஒரு தனி வீரியம் வரும். பாலும் வளர்ச்சியும் இரு பெற்றோரின் சராசரிக்கு மேலே நிற்கும். அந்த முதற் கலப்பு மாடுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அந்த வீரியத்தில் பாதி போய்விடும். எனவே அந்த அருமையான முதற் கலப்பைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சுத்தமான நாட்டுப் பசு எங்கேயாவது இருக்க வேண்டும். போருக்குப் பிறகு நம்மிடம் மிஞ்சியதும் சிதறிப்போனதுமாக இருந்த நாட்டு மாடுகளைக் கண்டபடி கலந்துவிட்டோம். பட்டியில் மூன்றில் ஒரு பங்கையாவது கலக்காமல் வையுங்கள் என்பது என் பிடிவாதம். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஆட்டிலும் கோழியிலும்

ஜமுனாபாரிக் கிடாயின் தொங்கு காதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. சின்ன நாட்டு மறிக்கு, அதுவும் முதல் ஈத்துக்கு, பெரிய கிடாயை விட்டால் குட்டி பெருத்து, ஈனும்போது தாயும் போகும் குட்டியும் போகும். இரண்டாம் ஈத்துக்கு விடுங்கள். இன்னொன்று, கொம்பில்லாத கிடாயைக் கொம்பில்லாத மறியோடு சேர்க்காதீர்கள். சானன் போன்ற பாலாட்டு இனங்களின் வழியில் கொம்பின்மையோடு ஒரு குறையும் ஒட்டி வருகிறது. பிறக்கும் பெண் குட்டிகளில் சில ஆணுமின்றிப் பெண்ணுமின்றி மலடாகிவிடும். கிடாய், மறி இரண்டில் ஒன்றுக்குக் கொம்பு இருந்தால் அந்தப் பயமில்லை.

ஆட்டுக்கு ஒரே ஒரு அளவு போதும் என்றால் நான் இதைச் சொல்வேன்: 90ஆம் நாளில் ஒரு மறியின் குட்டிகள் எல்லாம் சேர்ந்து எத்தனை கிலோ. உரப்பையில் கால் போக நாலு துளை வெட்டி, குட்டியை அதற்குள் விட்டு, தொங்கு தராசில் கொளுவுங்கள். குட்டி கத்தும், தாய் சுற்றி ஓடும், ஒரு நிமிட வேலை. ஒரு மறியின் ஒற்றைக் குட்டி 14 கிலோ. இன்னொன்றின் இரட்டை, 9 உம் 8.5 உம், மொத்தம் 17.5. கண்ணுக்கு வடிவாகத் தெரிவது அந்த ஒற்றைக் குட்டிதான். ஆனால் இரண்டாவது மறி இரண்டு போட்டு, இரண்டையும் காப்பாற்றி, பாலும் கொடுத்திருக்கிறாள். சினைப்பிடிப்பு, தாய்மை, பால், வளர்ச்சி நாலும் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறது.

கோழியில் சுருக்கமாக. கூட முட்டை வேண்டுமென்று ஊர்க்கோழிக்குள் முட்டையின இரத்தத்தை ஏற்றினால் அடைகிடக்கிற குணம் போய்விடும். 21 நாள் கூடையில் இருந்து குஞ்சு பொரித்து, பருந்து வந்தால் செட்டைக்குள் அணைக்கிற பேடு இல்லாமல், மின்சாரத்தை நம்பிப் பொரிபெட்டி வாங்க வேண்டும். அதற்குத் தயாரென்றால் செய்யுங்கள். கழுத்தில் இறகில்லாத கோழியை அழகில்லை என்று ஒதுக்க வேண்டாம். அந்த வெறுங் கழுத்தால் சூடு வெளியேறும். வெயிலுக்கு அது நல்லது.

விலக்குவது

இலக்கு எழுதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த பசுவை விலக்குவதென்றால் இறைச்சிக்குக் கொடுப்பது என்று நினைத்து, பலர் இலக்கையே கைவிட்டுவிடுகிறார்கள். விலக்குவதென்றால் அதன் கன்றை இனத்துக்கு வைக்காமல் விடுவது, அவ்வளவே. பசு சாகும்வரை உங்கள் முற்றத்தில் நிற்கலாம். நல்ல பசுக்களுக்கு நல்ல நாம்பனின் ஊசியைப் போடுங்கள், எல்லை தாண்டினவைக்குக் கிடைக்கிற நாம்பனை விட்டு, பிறக்கும் கன்றை வளர்த்து விற்றுவிடுங்கள். வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். நாம்பன் கன்றோடு இரட்டையாகப் பிறந்த நாகு என்றால் அதை இனத்துக்கென்று வைக்கவே வேண்டாம். பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. இதை மறைத்து விற்ற நாகு ஒன்றை வாங்கி மூன்று வருடம் தீன் போட்டவர் எங்கள் ஊரில் இருக்கிறார். இன்னும் கோபம் ஆறவில்லை.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று ஊசி போட்டால் ஒன்பதரை மாதத்தில் கன்று. அந்த நாகு நம் தீனில் வளர்ந்து கன்று போட மூன்று, மூன்றரை வருடம். அவள் பால் எப்படி என்று தெரிய இன்னும் ஆறு மாதம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலக்கைத் திருத்தலாம். வருடா வருடம் மாற்றினால் இலக்கே இல்லாததற்குச் சமம்.

அந்த பிரிசியன் கலப்பு நாகை நான் விற்கவில்லை. சாகிவால் ஊசி போட்டேன். அவளுடைய மகளுக்கும் சாகிவால்தான், வேறு இலக்கத்தது. பேத்தி இப்போது இரண்டாம் ஈத்தில் நிற்கிறாள். விடியவும் பின்னேரமும் சேர்த்து 5 லீற்றர். முதல் ஈத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே 14 மாதம். போன ஆவணி 20ஆம் திகதி பட்டி வாசலில் நின்று பார்த்து எழுதியிருக்கிறேன்: "விலா மூன்று தெரியுது. முதுகு மூடித்தான் இருக்கு."